மதிப்புரைகளைப் படித்துக் கலங்கியவர்களுக்கு ஒரு கப்பல் பயண வழிகாட்டி

சொகுசுக் கப்பலில் இடம் பதிவு செய்து பணத்தையும் கட்டிய பிறகுதான் பெரும்பாலோர் அந்தக் கப்பலைப் பற்றிப் பிறர் எழுதியிருப்பவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். அறையில் நாற்றம், சாப்பாட்டில் ருசியில்லை, போகவேண்டிய துறைமுகத்துக்கே போகவில்லை என்று வரிசையாகப் படித்ததும் பயணத்தையே கைவிட்டுவிடலாமா என்று தோன்றும். அவ்வாறு தோன்றினால், முதலில் பதிவுச் சீட்டோடு வந்த ரத்து விதிகளை எடுத்துப் பாருங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை படிப்படியாகக் குறையும் என்பதால், அடுத்த குறைப்பு எந்தத் தேதியில் வருகிறதோ அதுவே நீங்கள் முடிவெடுக்க வேண்டிய கெடு.

அந்தக் கெடுவுக்குள் மதிப்புரைகளை மீண்டும் ஒருமுறை, இம்முறை தேதியையும் அறை இருந்த தளத்தையும் கவனித்துப் படியுங்கள். கப்பலை உலர்துறையில் நிறுத்திப் பழுது பார்த்து, தரைவிரிப்பையும் மெத்தையையும் மாற்றுவது வழக்கமாதலால், அதற்கு முன் எழுதப்பட்ட குறை இப்போது இல்லாமற் போயிருக்கலாம். கப்பல் கைமாறியிருந்தால் பழைய பெயரிலும் தேடுவது நல்லது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட எம்பிரஸ், 1990-இல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் வேறொரு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட கப்பல். இத்தகைய கப்பலில் அறையின் அளவும் குளியலறையின் நெருக்கடியும் பழைய குறிப்புகளில் உள்ளபடியே இருக்க வாய்ப்புண்டு. உணவையும் பணியாளரையும் பற்றி அன்று எழுதியவை இன்றைய நிர்வாகத்துக்குப் பொருந்தா.

எஞ்சும் புகார்களில், எதிர்பார்ப்பினால் எழுந்தவற்றை முதலில் தள்ளிவிடலாம். மூன்று நாள் பயணத்தில் குழந்தைகளின் கூச்சல் அதிகம் என்று பள்ளி விடுமுறையில் போய்வந்தவர் எழுதுவதில் வியப்பில்லை. (ஐஸ்கிரீம் வரிசையைப் பற்றியே ஒரு பத்தி எழுதுகிறவர்களும் உண்டு.) துறைமுகம் மாற்றப்பட்டதைப் பற்றிய கோபம் நியாயமானதே என்றாலும், வானிலை முதலிய காரணங்களுக்காகப் பயணத் தடத்தை மாற்றும் உரிமையை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஒரே ஓர் ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் கப்பல் ஏறுகிறீர்கள் என்றால், அவ்வூருக்கு விமானத்தில் போவதுதான் என் யோசனை.

சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் பற்றிய அச்சத்தை மதிப்புரைகளைக் கொண்டு தீர்க்க முயலாதீர்கள். அதற்குப் பொது ஆவணங்கள் இருக்கின்றன. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சோதித்து, 100-க்கு மதிப்பெண் போட்டு, கப்பலின் பெயரோடு இணையத்தில் வெளியிடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் தேர்ச்சியில்லை. பிற கடல்களில் மட்டும் ஓடும் கப்பல்களுக்கு எக்வாசிஸ் என்ற இலவசத் தரவுத்தளம் உதவும். பெயர் மாறினாலும் மாறாத ஏழு இலக்க ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) அடையாள எண்ணை அதில் இட்டால், எந்தத் துறைமுகத்தில் சோதனை நடந்தது, என்ன குறை கண்டார்கள், கப்பலைத் தடுத்து வைத்தார்களா என்பவை தெரியும். வயிற்றுப்போக்கு பரவியதாகப் படித்து அஞ்சுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கப்பல்களில் பெரும்பாலும் பரவுவது நோரோ வைரஸ், அதை ஆல்கஹால் கலந்த கைக் கிருமிநாசினி சரிவர அழிப்பதில்லை. ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் சோப்புப் போட்டுக் கைகழுவுவதே உரிய காப்பு.

உண்மையில் உங்கள் கையில் அதிகம் இருப்பது அறைத் தேர்வுதான். இரவெல்லாம் தூக்கமில்லை என்று எழுதியவர்களின் அறை எங்கிருந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழேயோ, அரங்கத்துக்கும் மதுக்கூடத்துக்கும் மேலேயோ, இன்ஜினை ஒட்டிய பின்பகுதியிலோ இருக்கும்; விடியற்காலையில் மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் ஓசை கீழுள்ளவர்களை எழுப்பிவிடும். ஒவ்வொரு கப்பலின் தள வரைபடமும் இணையத்தில் கிடைக்கிறது. அதைத் திறந்து, மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருக்கும் தளத்தில், கப்பலின் நீளத்துக்கு நடுவில் ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கப்பலின் ஆட்டத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கும் நடுப்பகுதியும் கீழ்த்தளமுமே ஏற்றவை. அடுத்த அறையோடு இணைக்கும் கதவுள்ள அறையையும், ஜன்னலை உயிர்காப்புப் படகு மறைக்கும் அறையையும் தவிர்க்கலாம். அறையை நிறுவனமே ஒதுக்கும் மலிவுக் கட்டணத்தில் பதிவு செய்திருந்தால், கெடுவுக்கு முன் கூடுதல் தொகை கட்டி அறை எண்ணைத் தேர்ந்துகொள்வது பெரும்பாலும் செலவுக்குத் தகுந்த பலனைத் தரும்.

காலமும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் வரக்கூடும். அம்மாதங்களில் போய்வந்தவர் தலைசுற்றலைப் பற்றி எழுதியிருந்தால் கப்பலைக் குறைசொல்ல முடியாது. குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

மறைமுகச் செலவு பற்றிய புகார்கள் பெரும்பாலும் உண்மையே. டிப்ஸ், வைஃபை, மதுபானம், கரைச் சுற்றுலா ஆகியவற்றுக்குப் பல கப்பல்களில் தனிக் கட்டணம் என்பதால், எவை பயணக் கட்டணத்தில் சேர்ந்தவை என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்து ரோமிங் கட்டணம் ஏறும். கப்பல் மருத்துவரும் கட்டணம் வாங்குவார். அவசரத்தில் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல், குறிப்பாகப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு, கப்பல் ஏறக்கூடாது. பாஸ்போர்ட்டும் அன்றாட மருந்துகளும் கைப்பையிலேயே இருக்கட்டும். ஒப்படைத்த பெட்டிகள் அறைக்கு வர மாலையாகலாம்.

அறைக்குள் நுழைந்ததும் ஏசி, குழாய், கழிப்பறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைச் சோதித்து, குறையிருந்தால் படம் எடுத்து வரவேற்பு மேசையில் எழுத்து மூலம் முறையிடுங்கள். காலியான அறை ஏதேனும் இருந்தால் முதலில் கேட்பவருக்கே கிடைக்கும். ஊர் திரும்பிய பின் எழுதும் புகாருக்கு அடுத்த பயணத்தில் சிறு தள்ளுபடிக்கு மேல் கிடைப்பது அரிது. அறையைச் சோதிக்கும் வேலையில், ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். 2012-இல் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் உயிரிழந்த பிறகு, இப்பயிற்சியைப் புறப்பாட்டுக்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. உங்கள் கூடுமிடத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அறையிலிருந்து அங்கே லிஃப்ட் இல்லாமல் படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள்.