எள்ளிருக்கும் இடமில்லாத மார்பு: மண்டோதரி புலம்பலை மையால் வரைவது

கம்பராமாயணம் யுத்த காண்டத்தில், இராவணன் வதைப் படலத்தின் இரண்டு பாடல்களே இந்தப் படத்தின் வெளிச்சத்தையும் இருளையும் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. உயிர் பிரிந்த இராவணனின் முகங்கள் ‘மும்மடங்கு பொலிந்தன’ என்கிறார் கம்பர். மண்டோதரியோ அவன் உடம்பில் ‘எள்ளிருக்கும் இடனின்றி’ அம்பு துளைத்ததைச் சொல்லி அழுகிறாள். ஆகவே முகங்கள் வெள்ளைத் தாளாகவே நிற்கட்டும், மார்பு கறுக்கட்டும். துக்கக் காட்சி என்றதும் முகத்தை இருட்டடிப்பது இங்கே பொருந்தாது.

தேவையானவை: ஏ4 அளவில், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வழவழப்பான நீர்வண்ணத் தாள், எச்பி பென்சில், பிசைந்து உருட்டும் அழிப்பான், பிக்மா மைக்ரான் 01 (0.25 மி.மீ.), 05 (0.45 மி.மீ.), நீரில் கரையாத இந்தியன் இங்க், ஒரு சிறிய தூரிகை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்கள் ஈப்போ போகும்போது தாளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பள்ளி வரைதாளில் மை ஊறிப் பரவும். தொட்டெழுதும் பேனா அழகான கருவிதான். ஆனால் அதில் துளி பெரிதும் சிறிதுமாக விழும் என்பதால் புள்ளி வைக்கப் பழகுபவருக்கு வேண்டாம். ஜெல் பேனா கைவியர்வை பட்டாலே இழுவும்.

தாளைக் குறுக்காக வையுங்கள். இராவணன் உடல் இடக்கீழிலிருந்து வலமேலாகச் சாய்ந்து கிடக்கட்டும். நடு முகத்தை முழுதாக வரைந்து, மற்ற ஒன்பதையும் விளிம்புக் கோட்டோடு விட்டுவிடுங்கள். கம்பரில் மண்டோதரி அந்த மார்பைத் தழுவியபடியே உயிர் விடுகிறாள். விரல்கள் இறுகியிருந்தால் அழுகை, தளர்ந்திருந்தால் அதற்கு அடுத்த கணம். எது என்று பென்சிலிலேயே முடிவு செய்யுங்கள், மையில் திருத்த முடியாது.

இனி மார்பு. படம் கெடுவது இங்கேதான். சீராகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் அம்புக் காயம் தெரியாது, அம்மை போட்டதுபோல் இருக்கும். காயத்தையும் நிழலையும் தனித்தனியே செய்ய வேண்டும். முதலில் 05 பேனாவால் எள் வடிவில் 2 மி.மீ. நீளக் காயங்கள். விலா எலும்பு வளையும் போக்கிலேயே அவை சாய வேண்டும், உடலின் ஓரத்துக்குப் போகப்போக ஒடுங்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழ்விளிம்பிலும் மயிரிழை அளவு வெள்ளை விட்டால்தான் குழியாகத் தெரியும். பிறகு 01 பேனாவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, இடைவெளிகளில் நிழல் புள்ளி. பேனாவைச் சாய்த்தால் புள்ளிக்கு வால் முளைக்கும். வரிசையாக வைத்தால் கண் அதைக் கோடாகப் படிக்கும். அடிப்பக்கம் நெருக்கமாக, மேலே போகப்போக அரிதாக. மண்டோதரியின் கையைச் சுற்றி 1 மி.மீ. வெள்ளை விடாவிட்டால் கை மார்புக்குள் மறைந்துவிடும். மார்புக்கு மட்டும் நான்கைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். களைப்பில் புள்ளி கோடாகும், அப்போது நிறுத்திவிடுங்கள்.

மண்டோதரியின் கூந்தல் முழுக்கருமை, இந்தியன் இங்க்கைத் தூரிகையால் ஒரே பூச்சு.

பென்சில் கோடுகளை அழிப்பதற்கு அவசரம் வேண்டாம். மழைக்கால ஈரக்காற்றில் கூந்தல் மையை ஓர் இரவு முழுக்க உலரவிடுங்கள். அழித்த பிறகு கருமை சற்று வெளிறும், அந்த இடங்களில் மறுபடி மை தொடுங்கள்.

பின்சேர்க்கை: நல்ல தாளிலும் மை பரவுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். காரணம் பெரும்பாலும் தாள் ஈரம் இழுத்திருப்பதுதான். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள், வரையும்போது கைக்கடியில் வேறொரு தாளை விரியுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அட்டை விளிம்பு கொடுக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் பூசணம் பிடிக்கும், அது பளிச்சென்று தெரிவது வெள்ளையாக விட்ட அந்த முகங்களில்தான்.