கவர் போட்டும் டிஸ்பிளே உடைவது ஏன்?

போன சனிக்கிழமை ஒரு தம்பி கடைக்கு வந்து போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கவர் வாங்கின அன்று போலவே மினுங்கியது. திருப்பினேன். டிஸ்பிளேயின் கீழ்ப்பாதி நொறுங்கிக் கறுத்துப்போயிருந்தது. “அண்ணை, கவர் போட்டுத்தானே வைச்சிருந்தனான்?” என்றார். யாழ்ப்பாணத்தில் போன் திருத்தும் மேசைக்கு முன்னால் இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தொழிலுக்கு வர முன்பு நானும் இதையே கேட்டிருக்கிறேன்.

மாடலைப் பார்த்து வாங்குங்கள், பட்டன் அழுந்துகிறதா என்று பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் காசு போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

விளிம்பைப் பார்க்காமல் வாங்குவது

கனடாவில் இருந்து அக்கா அனுப்பிய போனுக்கு, கையில் பிடிக்க அழகாக இருக்கிறதே என்று மெல்லிய கெட்டிப் பிளாஸ்டிக் கவர் ஒன்று வாங்கினேன். மேலே தடித்த டெம்பர் கிளாஸும் ஒட்டினேன். கிணற்றடியில் வாளியை எடுக்கக் குனிந்தபோது சேர்ட் பொக்கற்றில் இருந்து நழுவி, முகம் குப்புற சீமெந்தில் விழுந்தது. கவரில் ஒரு கீறல்கூட இல்லை. டிஸ்பிளே மாற்றிய காசு, அப்போது அந்தப் போன் விற்கக்கூடிய விலையில் பாதி.

என்ன நடந்தது? திரைக்கு மேலாகக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும் கவரின் விளிம்புதான் தரையை முதலில் தொட வேண்டும். அந்த மெல்லிய கவரின் விளிம்பு அரை மில்லிமீற்றர்கூட இருந்திருக்காது. டெம்பர் கிளாஸ் ஏறக்குறைய 0.33 மில்லிமீற்றர், அதன் பசை வேறு. கிளாஸை ஒட்டியதும் விளிம்பும் கண்ணாடியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. விழுந்த அடியைக் கண்ணாடியே நேரே வாங்கியது. கடைகளில் வெறும் போனுக்குக் கவரைப் போட்டுக் காட்டிவிட்டு, அதன் பிறகு கிளாஸ் ஒட்டிக் கொடுப்பதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் கிளாஸ், அப்புறம்தான் கவர்.

சோதிப்பது சுலபம். கிளாஸ் ஒட்டிய போனுக்குக் கவரைப் போட்டு, கடையின் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வையுங்கள். ஒரு விசிட்டிங் கார்டைத் திரைக்கும் மேசைக்கும் இடையில் தள்ளிப் பாருங்கள். தாராளமாகப் போய்வந்தால் சரி. இறுகினால் அந்தக் கவர் வேண்டாம். மல்லாக்க வைத்துக் கமெராப் பக்கமும் இப்படியே பாருங்கள்.

பிறகு நான்கு மூலைகளையும் பெருவிரலால் அழுத்துங்கள். போன் பெரும்பாலும் மூலை குத்தித்தான் விழும். மூலை நெளிந்து கொடுத்தால் விழுகிற வேகம் சற்று மெதுவாக அடங்கும், அடியும் குறையும். கல்லுப்போல நின்றால் அடி அப்படியே உள்ளே போகும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சல்லிக்கல் கிடக்கும் ஒழுங்கையில் விழுந்தால் எந்த விளிம்பும் உதவாது. கல் நேரே திரையில் குத்தும். அங்கே காப்பாற்றினால் கிளாஸ்தான் காப்பாற்ற வேண்டும்.

‘மிலிட்டரி கிரேட்’ என்ற எழுத்தை நம்புவது

கவர்ப் பெட்டியில் இந்த எழுத்துக்குப் பக்கத்தில் காட்டும் மில்-எஸ்டிடி-810 (MIL-STD-810) என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறை. அதில் வழக்கமான விழுத்தும் சோதனை 122 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து 26 தடவை. விழுவது கொங்கிறீற்றின் மேல் போட்ட இரண்டு அங்குல ஒட்டுப்பலகையில். அந்த 26 தடவையையும் ஐந்து போன்களுக்குப் பங்கிடலாம். எங்கள் வீட்டு விறாந்தையில் பலகை கிடையாது. அந்தத் துறை எந்தக் கவருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. கவர் செய்கிறவர்களே சோதித்து, அவர்களே பெட்டியில் அச்சடிக்கிறார்கள்.

“ரெண்டும் ஒரே சைஸ்தான்” என்பது

ஐபோன் 12 கவர் 12 புரோவுக்குச் சரியாகப் பொருந்தும். 13 கவர் 13 புரோவுக்குப் பொருந்தாது, கமெரா பெரிது.

கவருக்குள் காசும் அடையாள அட்டையும்

வேண்டாம். கவர் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மஞ்சளான கவரைத் தேய்ப்பது

வெயிலும் வியர்வையும் சேர்ந்து பிளாஸ்டிக்கே நிறம் மாறிவிட்டது. தேய்த்துப் போகாது.

தடித்த கவரோடு சார்ஜ் போடுவது

ஐபோனைப் பாவிக்க ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை என்பது ஆப்பிள் சொல்வது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த 35 லேசில் தாண்டிவிடும். போன் சுட்டால் கவரைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

போட்ட கவரைக் கழற்றாமலே வைத்திருப்பது

கசூரினாக் கடற்கரைக்குப் போய்வந்த போன்களின் கவரைக் கழற்றினால் உள்ளே மண் கொட்டும். அந்த மண் கவருக்கும் போனுக்கும் இடையில் இருந்து நாள் முழுக்க உரசி, கமெராவைச் சுற்றிக் கீறிவிடும். உப்புக் காற்றின் ஈரமும் அங்கேதான் தங்கும். வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, முதலில் மண்ணைத் தட்டி, பிறகு மெல்லிய துணியால் துடைத்து, கவர் நன்றாகக் காய்ந்த பின் போடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதி மணலில் நிற்பவர்கள் ஒவ்வொரு இரவும் கழற்றுங்கள்.