முழங்கையில் அடிபட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அடிபட்ட முழங்கையோடு வருபவருக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் முதலில் யோசிப்பதில்லை. எலும்பு முறிந்திருக்குமோ, மூட்டு விலகியிருக்குமோ, நரம்பில் அடியோ என்றுதான் பார்ப்பார். அந்தச் சந்தேகம் தீரும்வரை கையை இழுக்கவோ வளைக்கவோ மாட்டார். நாம் செய்யும் தவறுகளில் பாதி, இந்த முதல் கட்டத்தையே குழப்பிவிடுகின்றன.

"விரலெல்லாம் அசைகிறது, அதனால் எலும்புக்கு ஒன்றும் இல்லை" என்று நாமே முடிவு கட்டுவது அதில் முதலாவது. கையை ஊன்றி விழும்போது அந்த அழுத்தம் முன்கை எலும்பு வழியாக ஏறி, முழங்கையின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஆர எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் எலும்பு) தலையைத் தாக்கும். அங்கே விரிசல் விழுந்தாலும் விரல்கள் நன்றாகவே அசையும், வீக்கமும் பெரிதாக இருக்காது. அதனால்தான் உட்கார வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி முழுசாக நீட்டச் சொல்வார்கள். அடிபட்ட கை மற்றதைப் போல நீளவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. நீண்டுவிட்டாலும், எலும்பை அழுத்தும்போது வலித்தால் விட்டுவிடக் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

விழுந்த விதத்தைச் சொல்லாமல் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்வது அடுத்தது. கையை ஊன்றினீர்களா, முழங்கை முனை நேராகத் தரையில் மோதியதா, கனமான பொருளைத் தாங்கும்போது 'டப்' என்று ஏதோ அறுந்தது போல இருந்ததா? கடைசியாகச் சொன்னது, மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் ஆரம்ப வாரங்களிலேயே செய்வது நல்லது. அந்த ஒரு தகவலை விட்டுவிட்டால் நாள்கள் வீணாகும்.

அப்புறம், பல்லைக் கடித்துக்கொண்டு செய்து காட்டுவது. முன்கை எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, கையில் ஒரு பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, முன்கையை இரு பக்கமும் திருப்பச் சொல்வார்கள். பேனா இரு பக்கமும் ஏறக்குறைய 80 டிகிரி சாய வேண்டும். வலிக்கிறதே என்று முழங்கையை விலாவிலிருந்து சற்று விலக்கினால் தோள்பட்டை சேர்ந்து திரும்பிவிடும், பேனாவும் நன்றாகச் சாய்ந்தது போலத் தெரியும். அளவு பொய்யாகிவிடும். வலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப் போகிறதா? கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முழங்கையின் உள்பக்க மேட்டுக்குப் பின்னால் ஓடும் நரம்பில் சிக்கல் இருக்கலாம். கழுத்தையும் மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்தால், சம்பந்தம் இல்லையே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். கழுத்து நரம்பின் வலி முழங்கைவரை இறங்கும். கை கோணலாகவோ, விரல்கள் வெளுத்துச் சில்லென்றோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, சோதிக்கும் முன்பே யாரிடமாவது கையைக் கொடுத்து அழுத்தி நீவி, மடக்கி நிமிர்த்தச் சொல்வது. தசைக்குள் எலும்பு வளரும் சிக்கல் முழங்கைக்கு எளிதில் வரும். முரட்டுத்தனமான நீவல் அதைக் கூட்டிவிடலாம். அதற்குப் பயந்து வாரக்கணக்கில் கழுத்தில் மாட்டிய தூளியிலேயே கையை வைத்திருப்பதும் சரியில்லை. முழங்கை சீக்கிரம் இறுகிப்போகும் மூட்டு. எப்போது அசைக்கத் தொடங்கலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.