கொரியாவின் ஒரு வருடத் திருவிழாக்கள்: நிலாவைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் டேஜொன் நகரத்துக்கு வந்து சேர்ந்தது 2017 ஆகஸ்டில். அக்டோபர் 4 அன்று அறுவடைப் பண்டிகையான சுசொக் வந்தது. அந்த வருடம் முன்னும் பின்னும் இருந்த விடுமுறைகள் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து பத்து நாள் லீவு. பண்டிகை நாளில் தெருவெல்லாம் கூட்டம் இருக்கும் என்று நம்பிக் காலையிலேயே கிளம்பினேன். கடைகள் பூட்டிக் கிடந்தன. விடுதி உணவகமும் மூடல். பண்டிகையின் மூன்று நாளும் முக்குக்கடையில் கிடைத்த முக்கோணக் கிம்பாப்தான் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு) சாப்பாடு.

அன்றைக்கு யாராவது எனக்கு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். கொரியர்களின் மிகப் பெரிய இரண்டு பண்டிகைகளான சியொல்லாலும் (சந்திரப் புத்தாண்டு) சுசொக்கும் வீட்டுக்குள் நடப்பவை. தெருவில் நின்று பார்க்க வேண்டிய விழாக்கள் வருடத்தின் மற்ற மாதங்களில், பெரும்பாலும் சின்ன ஊர்களில் இருக்கின்றன. படிக்கவோ வேலைக்கோ புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, வங்கியில் இலவசமாகக் கொடுக்கும் சுவர் நாட்காட்டி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். பெரிய தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் சந்திர மாதத் தேதி இருக்கும். அமாவாசையன்று மாதம் பிறக்கும், பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். நமக்குப் பழகிய கணக்குதான். முதல் மாதம் முதல் நாள் சியொல்லால். நான்காம் மாதம் எட்டாம் நாள் புத்தர் பிறந்தநாள். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் தானோ பண்டிகை. எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் சுசொக். 2026இல் இவை முறையே பிப்ரவரி 17, மே 24, ஜூன் 19, செப்டம்பர் 25. சீன நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். 2027இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, சியொல்லால் பிப்ரவரி 7. அமாவாசை நேரம் பெய்ஜிங்கில் நள்ளிரவுக்குச் சற்று முன்பும், கொரியத் தலைநகர் சோலில் நள்ளிரவு தாண்டியும் விழுவதுதான் காரணம்.

சியொல்லாலும் சுசொக்கும் தலா மூன்று நாள் விடுமுறை. ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். கேடிஎக்ஸ் ரயிலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தனியாக முன்பதிவு திறப்பார்கள், நல்ல நேரத்து வண்டிகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். டிக்கெட் கிடைக்கவில்லையா, சோலிலேயே இருங்கள். கியொங்பொக்குங் போன்ற அரண்மனைகளை அந்த நாட்களில் கட்டணமில்லாமல் திறந்துவைப்பார்கள்.

யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். என் ஆய்வகத்து அக்கா ஒருவர் மறு வருடம் சியொல்லாலுக்கு என்னைத் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனார். கையில் ஒரு பெட்டி பேரிக்காய் கொண்டுபோனேன், அதுவே போதுமான மரியாதை. காலையில் முன்னோர்களுக்குப் படையல், அதன் பெயர் சாரியே. அப்புறம் பெரியவர்களை வணங்குவது, அதுதான் செபே. ஆண்கள் இடது கையை மேலே வைக்க வேண்டும், பெண்கள் வலது கையை. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரே ஒரு முறைதான் வணக்கம், இரண்டு முறை விழுந்தால் அது இறந்தவர்களுக்கு உரியது. இதை மட்டும் மறக்காதீர்கள். "சேஹே பொக் மானி பாதுசேயோ" (புத்தாண்டில் நிறைய நன்மை பெறுங்கள்) என்று சொல்லி எழுந்தால் உறையில் பணம் தருவார்கள், இரு கையாலும் வாங்குங்கள்.

சாப்பாடு தொக்குக், அரிசிமாவு வில்லைகள் மிதக்கும் சூப். அதைக் குடித்தால் ஒரு வயது கூடியதாகக் கணக்கு. சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வது. சாப்பிடாதவர்கள் "சோகோகி ஆன் மொகொயோ" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மேசைக்கு வந்தபின் மறுத்தால் சமைத்தவருக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

சுசொக் பலகாரம் சொங்பியொன். வெந்நீரில் பிசைந்த அரிசிமாவுக்குள் எள்ளும் சர்க்கரையும் வைத்து அரை நிலா வடிவில் மூடுவது. கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கை இருந்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அடியில் பைன் ஊசியிலைகளைப் பரப்பி ஆவியில் வேகவைப்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டாது, அந்த வாசனையும் ஏறும். எனக்கு இன்றைக்கும் சுசொக் என்றால் அந்த வாசனைதான்.

இனி தெரு விழாக்கள். மார்ச் கடைசியில் ஜின்ஹே செர்ரிப் பூ விழா. தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள், பூ அதற்குக் கட்டுப்படாது. பூ மலரும் முன்னறிவிப்பைப் பார்த்து, வார நாளில், காலை எட்டு மணிக்கு முன் போங்கள். புத்தர் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை சோலில் யொன்துங்ஹ்வே விளக்கு ஊர்வலம். தொங்தேமுனிலிருந்து ஜொங்நோ சாலை வழியாக ஜொகியேசா கோயில் வரை வரும். தாப்கொல் பூங்கா பக்கம் ஐந்து மணிக்கே இடம் பிடியுங்கள். பிறந்தநாளன்று எந்தக் கோயிலுக்கும் நடந்து போகலாம், பல இடங்களில் காய்கறி பிபிம்பாப் (காய்கறி கலந்து சாப்பிடும் சோறு) இலவசம். சைவக்காரர்களுக்கு வருடத்தின் நல்ல நாள் அது.

ஒரே ஒரு விழாவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் காங்நுங் தானோவைச் சொல்வேன். சோலிலிருந்து கேடிஎக்ஸில் இரண்டு மணி நேரம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஊர்மக்கள் கொடுத்த அரிசியில் சாமிக்கான கள் ஊறத் தொடங்கிவிடும். தேக்வால்லியொங் மலையின் காவல் தெய்வத்தை ஒரு மரக்கிளையில் இறக்கி ஊருக்குக் கொண்டுவருவார்கள். ஐந்தாம் மாதம் மூன்றாம் நாள் மாலை அந்தக் கிளை ஊர்வலமாக நாம்தேசொன் ஆற்றங்கரைக்கு வரும்போது அங்கே இருங்கள், ஊரே விளக்கோடு பின்னால் நடக்கும். கூடாரத்தில் பெண் பூசாரிகள் மணிக்கணக்கில் பாடி ஆடுவார்கள். பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள், அவர்களோடு தரையில் உட்காருங்கள், நகர்ந்து இடம் கொடுப்பார்கள். க்வான்னோ முகமூடி நாடகத்தில் வசனமே கிடையாது, கொரிய மொழி தெரியாமலே முழுக்கப் புரியும். மல்யுத்தம், ஊஞ்சல், சாங்போ (வசம்பு) இலை ஊறிய தண்ணீரில் தலை அலசுவது எல்லாம் ஒரே கரையில். 2005இல் யுனெஸ்கோ இதை அங்கீகரித்தது. அதற்குப் பிறகும் இது ஊர்க்காரர்களின் விழாவாகவே இருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஜூலையில் போரியொங் சேற்று விழா. 1998இல் தொடங்கியது. பழைய உடை, செல்போனுக்குத் தண்ணீர் புகாத உறை, அவ்வளவுதான் தேவை. அக்டோபரில் ஜின்ஜு விளக்கு விழாவை விடாதீர்கள். 1592 ஜப்பானியப் படையெடுப்பில் கோட்டைக்குள் இருந்தவர்கள் எதிரி ஆற்றைக் கடக்காமலிருக்க நாம் ஆற்றில் விளக்குகளை மிதக்கவிட்டார்கள். அந்த நினைவில்தான் இன்றைய விழா. கோட்டைச் சுவரில் ஏறி நின்று கீழே பாருங்கள்.

ஜனவரியில் ஹ்வாசொன் பனி மீன்பிடி விழா. உறைந்த ஆற்றில் துளை போட்டிருக்கும், தூண்டிலை அடிவரை இறக்கி மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலுறை இரண்டு ஜோடி போடுங்கள், குளிர் பாதத்திலிருந்துதான் ஏறும். குளிர் போதாத வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும், 2020இல் அப்படித்தான் ஆனது. பஸ் டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குமுன் டிசம்பர் 21 அல்லது 22இல் தொங்ஜி, வருடத்தின் மிக நீண்ட இரவு. சிவப்புக் காராமணி போன்ற பயற்றில் பாத்ஜுக் கஞ்சி செய்வார்கள், உள்ளே அரிசிமாவு உருண்டைகள் இருக்கும். அதன் சிவப்பு நிறத்துக்குக் கெட்ட ஆவிகள் அண்டாது என்பது நம்பிக்கை. விடுமுறை கிடையாது, மாலை வேலை முடிந்துதான் சாப்பிட வேண்டும். பக்கத்தில் கோயில் இருந்தால் மதியம் போய்ப் பாருங்கள், பெரிய அண்டாவிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பார்கள்.