லோட் செல்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும் சோதிப்பதும்

லாரி எடைமேடைக்கு அடியில் சுமையைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஓர் எஃகுத் துண்டுதான். லோட் செல் எனப்படும் அந்தத் துண்டு, சுமை ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு உருக்குலைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள ஸ்ட்ரெயின் கேஜ் என்னும் மெல்லிய உலோகத் தகடும் அதனோடு சேர்ந்து நீள்வதாலோ சுருங்குவதாலோ அதன் மின்தடை மாறுகிறது. முழுச் சுமையிலும் இந்த மாற்றம் 350 ஓமில் ஏறத்தாழ 0.7 ஓம்தான் என்பதால், இரண்டு கேஜ்கள் நீளவும் இரண்டு சுருங்கவும் அமைத்து, நான்கையும், மின்தடையின் சிறு மாற்றத்தையும் மின்னழுத்தமாகக் காட்டும் வீட்ஸ்டன் சமனச்சுற்றாக இணைக்கிறார்கள். 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் 20 மில்லிவோல்ட் கிடைக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தலா 30 டன் திறனுள்ள ஆறு லோட் செல்கள் தாங்கும் 60 டன் எடைமேடையில், 10 கிலோ வேறுபாடு என்பது ஏறத்தாழ 1 மைக்ரோவோல்ட் மட்டுமே. லோட் செல் கேபிள்கள் ஒன்றுசேரும் ஜங்ஷன் பாக்ஸில் கோத்த ஈரமோ எலி கடித்த கேபிளோ எடையையே மாற்றிவிடுவது இதனால்தான்.

கடைத் தராசின் தட்டுக்கு, பொருளை எந்த ஓரத்தில் வைத்தாலும் ஒரே எடை காட்டும் சிங்கிள் பாயின்ட் வகை பொருந்தும். தொட்டிகளுக்கும் தரைத் தராசுகளுக்கும் ஒரு முனையைப் பொருத்தி மறுமுனையில் சுமை ஏற்றும் ஷியர் பீம், தொங்கவிட்டு எடை போட எஸ் வடிவ வகை, எடைமேடைக்கு உருளை வடிவ அமுக்க வகை அல்லது இருமுனை ஷியர் பீம் என்பது பொதுவான வழக்கம். அழுத்தும்போது மின்னூட்டம் உண்டாக்கும் பியசோ வகை உணரிகள் மோதல், அதிர்வு போன்ற நொடிப்பொழுது விசைகளை மிக நன்றாக அளப்பவை. ஆனால் அவற்றில் உண்டாகும் மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடுவதால், அசையாமல் நிற்கும் சுமைக்கு அவற்றை வாங்குவது வீண் செலவு.

திறனைக் கணக்கிடும்போது காலித் தொட்டியின் எடையையும் சேர்க்க வேண்டும். 2 டன் தொட்டியில் 8 டன் பொருள் நிரம்பும் என்றால், நான்கு கால்களுக்கும் தலா 2.5 டன் வரும். அந்த அளவிலேயே வாங்கிவிடாதீர்கள். நான்கு கால்களும் சமமாகத் தாங்குவது அரிது, மூன்றே கால்கள் சுமக்கும் நேரமும் உண்டு என்பதால் 5 டன் வகையே பாதுகாப்பானது.

என் அனுபவத்தில் பழுதானதாகச் சொல்லப்படும் லோட் செல்களில் பல பழுதானவையே அல்ல. எடையின் ஒரு பகுதி அவற்றின் வழியே போகாமல் வேறெங்கோ இறங்கிவிடுகிறது. மழைக்குப் பிறகு மேடைக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் சிக்கிய ஒரு கூழாங்கல்லோ, தொட்டியோடு இறுக்கமாகப் பிணைத்த ஒரு குழாயோ போதும். ஆகவே கருவியைக் கழற்றும் முன் மேடையைச் சுற்றி இடைவெளியைப் பாருங்கள். ஒரே எடைக்கல்லை ஒவ்வொரு மூலையிலும் வைத்து, காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மூலை மட்டும் தவறினால், அங்குள்ள லோட் செல்லின் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரால் அளக்கலாம். கம்பிகளின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் தரவுத்தாளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 350 ஓமும், மின்னழுத்தம் கொடுக்கும் கம்பிகளுக்கிடையே அதே அளவோ சற்றுக் கூடுதலோ இருக்க வேண்டும். தரவுத்தாளில் உள்ள எண்ணிலிருந்து வெகுவாக விலகினால் கேஜோ கேபிளோ கெட்டுவிட்டது. கம்பிகளுக்கும் உலோக உடலுக்கும் இடையே ஆயிரம் மெகாஓமுக்குக் குறைவாக வந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு மல்டிமீட்டர் போதாது, மின்காப்பை அளக்கும் மெகர் வேண்டும். ஆனால் 500 வோல்ட் மெகரால் செய்தால் நல்ல லோட் செல்லும் கெட்டுப்போகலாம்; 50 வோல்ட் போதும்.

மேடையில் வெல்டிங் வைக்கும் முன் லோட் செல்லைக் கழற்றிவிடுவதே நல்லது. முடியாவிட்டால் கேபிளைத் துண்டித்து, எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு ஒட்டியே மாட்டுங்கள். இந்தியாவில், பழுதுபார்த்த எடைமேடைக்குச் சட்டமுறை எடையளவு அலுவலர் மறுமுத்திரை இடும்வரை அதில் வணிகத்துக்கு எடை போடக் கூடாது.