மப்ளரா, முந்தானையா?

யாங்கூனில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். ஏப்ரல் வெயிலில் மடியில் உல்லன் நூல்! ஆனால் அத்தை இருப்பது மேம்யோ என்ற மலை ஊரில். 1,000 மீட்டருக்கு மேல் உயரம், டிசம்பரில் பல் தந்தியடிக்கும். அவருக்காகத்தான் இந்த மப்ளர்.

ஊசியில் 30 கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டு ஆரம்பித்தேன். ஒரு சாண் வளர்ந்ததும் பார்த்தால் முறம் மாதிரி விரிந்திருக்கிறது. எண்ணினேன், 37. "மப்ளரா, முந்தானையா?" என்று அம்மா வேறு. இரண்டு முறை பிரித்தேன். நூல் கவ்ஸ்வே நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தது. மறுபடியும் அதே கதை.

மூன்றாம் முறை ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணினேன். கோளாறு ஓரத்தில்தான். ஊசியைத் திருப்பியதும் நூல் முன்பக்கம் இருக்கும். அதை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது முதல் கண்ணி தூக்கிக்கொண்டு, அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணி போலத் தெரியும். நானும் இரண்டையும் பின்னிவிடுவேன். நூலை ஊசிக்கு அடியில் கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. இவ்வளவுதான்!

அப்புறம், 10 வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் கண்ணிகளுக்குள் வேறு நிறத் தையல் நூலைக் கோத்து விட்டுவிடுகிறேன். தப்பானால் அதுவரை பிரித்தால் போதும். கரண்ட் போன ஒரு ராத்திரியில் கண்ணிகள் நழுவியபோது அதுதான் காப்பாற்றியது.

வியர்த்த விரலில் நூல் ஒட்டுவதற்குத்தான் இன்னும் வழியில்லை. விடிகாலையில் பின்னுகிறேன். இப்போது இரண்டு முழம் ஆகிவிட்டது, கண்ணி 30தான்.