தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? புரோஜெஸ்டிரோன் க்ரீம் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கைப்பையிலிருந்து புரோஜெஸ்டிரோன் க்ரீம் இருந்த ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து, "அக்கா, நாத்தனார் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது, வியர்த்துக் கொட்டுவதற்கு நல்லதாம், தினமும் கையில் தேய்க்கிறேன்" என்றாள். வயது 51. பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை. மருத்துவர் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் போடுகிறாள். ஜெல்லோடு ஒரு கேப்ஸ்யூலும் கொடுத்திருப்பார்களே, அது எங்கே என்று கேட்டேன். "அது காலையில் தலையைச் சுற்ற வைக்கிறது, அதற்குப் பதில்தான் இது."

ஏழு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை நான் சொன்னேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் மருத்துவர் இல்லை. 38 வயதிலிருந்து தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள், 49இல் மாதவிலக்கு நின்றவள், அவ்வளவுதான். காலாவதித் தேதி பார்ப்பது, மாத்திரையை மறக்காமல் இருப்பது இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு க்ரீம் தடவுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தவறைச் செய்தேன்.

எனக்குச் சூடு குப்பென்று ஏறி, ராத்திரி நைட்டி நனைந்து, தூக்கமே போன சமயத்தில் மருத்துவர் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுக்காமல் ஜெல்லாகக் கொடுத்தார். காரணமும் சொன்னார். ஈஸ்ட்ரோஜனை வாய்வழியாக எடுத்தால் கல்லீரல், ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும், அப்புறம் தைராக்சின் அளவை ஏற்ற வேண்டி வரலாம். தோல் வழியாகப் போனால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. நான் என்ன புரிந்துகொண்டேன்? தைராய்டு இருப்பவர்களுக்கு எல்லா ஹார்மோனுமே தோல் வழியாகப் போவதுதான் நல்லது என்று. அந்தப் புரத விவகாரம் ஈஸ்ட்ரோஜனுடையது. இரவில் சாப்பிடச் சொன்ன 100 மி.கி. புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

அந்தக் கேப்ஸ்யூல் எதற்கு என்பதுதான் விஷயம். கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உள்படலம் தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் புற்றுநோய் வரைக்கும் போகலாம். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன். வியர்வை குறைவது, தூக்கம் வருவது எல்லாம் கூடுதல் லாபம். அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கிற க்ரீம்களில் ஒரு வேளைக்குச் சுமார் 20 மி.கி.தான் இருக்கும், அதிலும் தோலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவது கொஞ்சம். கர்ப்பப்பையைக் காக்க அது போதாது. மெனோபாஸுக்கான (மாதவிலக்கு நிற்கும் பருவத்துக்கான) மருந்தாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இப்படிப்பட்ட எந்தக் க்ரீமையும் அங்கீகரிக்கவில்லை. டப்பாவில் "ஹார்மோன் சமநிலை" என்று பெரிதாகப் போட்டிருக்கும். கர்ப்பப்பையைப் பற்றி என் டப்பாவில் ஒரு வரி இல்லை.

எட்டு மாதம் தடவினேன். தூக்கம் வந்தது, தோல்கூட மினுமினுப்பாக இருந்தது, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மூன்று பேரை வாங்கவும் வைத்தேன். ஒருநாள் துணி துவைக்கும்போது உள்பாவாடையில் எட்டணா அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. வெயில் சூடு என்று மூன்று வாரம் சும்மா இருந்தேன், மோரும் வெந்தயமும் குடித்தேன். அப்புறம் ஸ்கேனில் உள்படலம் 11 மி.மீ. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டவர்களுக்கு 4 மி.மீட்டருக்கு மேல் போனாலே பொதுவாக பயாப்ஸி, அதாவது படலத்தில் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் என் மகள் ஃபோன் செய்யும்போதெல்லாம் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புற்றுநோய் இல்லை, படலம் தடித்த நிலை மட்டும்தான். கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சாதனம் பொருத்தினார்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பயாப்ஸி, சரியாகியிருந்தது. "தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றியிருப்பேன், இல்லையென்றால் பெண்ணுறுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்" என்றார் மருத்துவர். நான் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டுப் பத்தரை வரை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். அது தூக்கம் வரவைக்கிற மருந்து என்பதே தெரியாது.

ஈஸ்ட்ரோஜன் எதுவும் எடுக்காமல் க்ரீம் மட்டும் தடவுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இதே அளவில் இல்லை. அப்போதும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தடவுங்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான்.

"வைல்ட் யாம்" என்று போட்டதை வாங்குவது

சில க்ரீம்களில் இந்தப் பெயர் இருக்கும். அது ஒரு காட்டுக் கிழங்கு, அதில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் இருக்கிறது. 1940களில் ரஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவில் கிழங்கிலிருந்து அதைப் பிரித்து ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோனாக மாற்றினார். ஆய்வகத்தில். நம் உடம்பால் அதைச் செய்ய முடியாது. கருணைக்கிழங்கு சாப்பிட்டால் போதுமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு, அதற்கும் இதே பதில்தான்.

எச்சில் பரிசோதனையை நம்புவது

க்ரீம் தடவினால் எச்சிலில் புரோஜெஸ்டிரோன் அளவு எகிறும், ரத்தத்தில் குறைவாகவே இருக்கும். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் மெனோபாஸ் என்று முடிவு கட்டுவது

வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை மூன்றும் தைராக்சின் அளவு அதிகமானாலும் வரும். சோர்வு, முடி கொட்டுதல், எடை ஏறுதல் அளவு குறைந்தாலும் வரும். தைராய்டு ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.ஹெச். பார்க்காமல் க்ரீமைத் தொடாதீர்கள். தைராக்சின் அதிகமாகவே ஓடிக்கொண்டிருந்தால் இந்த வயதில் எலும்பு தேயும், இதயத் துடிப்பும் தாறுமாறாகும், எந்தக் க்ரீமும் அதற்கு மருந்தாகாது. புதிதாக ஹார்மோன் எது தொடங்கினாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்த்துவிடுங்கள். இரண்டு மருந்தின் அளவையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையில் அது டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்துக் காட்டிவிடும், அதைப் பார்த்து இருக்கிற மாத்திரையையும் குறைத்துவிடுவார்கள்.

கால்சியத்தைத் தைராய்டு மாத்திரையோடு போடுவது

நான்கு மணி நேரம் தள்ளி. காபிக்கும் அரை மணியாவது பொறுங்கள்.

ஜெல் தடவிய கையோடு பேரப்பிள்ளையைத் தூக்குவது

சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தடவிய இடத்தைத் துணியால் மூடுங்கள்.

ரத்தம் பட்டால் காத்திருப்பது

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டு பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஹார்மோன் ஆரம்பித்த முதல் சில மாதம் லேசாகப் படுவது உண்டுதான், ஆனால் அதைச் சாதாரணம் என்று சொல்ல வேண்டியது மருத்துவர், நாமாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பக்கத்துத் தெருப் பெண்ணிடமும் இதைக் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, "ரெண்டு தரம் லேசா பட்டுச்சு அக்கா, சூடுன்னு நினைச்சேன்" என்றாள்.

வியாழக்கிழமை ஸ்கேன். நானும் கூடப் போகிறேன்.